நீல மூடிக் குழாய்

இரண்டரை மணிக்கு வந்தது.
உறையாமலிருக்க மருந்து
முன்பே உள்ளே இருக்கிற குழாய்.
கோடு வரை நிரப்பியிருக்கிறார்கள், சரிதான்.
சாய்த்தேன்.
ஓடி வரவேண்டியது
ஒரு பக்கமாய் ஒட்டி நின்றது.

மரக்குச்சியை விட்டுத் திருகினால்
நுனியில் ஏறி வருகிறது
கருஞ்சிவப்பாய் ஒரு நூல்.

பெயர்ச்சீட்டை அப்புறம்தான் படிப்பேன், பழக்கம்.
வீரபத்திரன் த/பெ ஆதிமூலம். ஐம்பத்து நான்கு.
என் கழுத்தில் தொங்கும் அட்டையிலும்
அதே ஆதிமூலம்.

தாளில் டாக்டரின் அவசரக் கிறுக்கல்:
இனிப்பு நீர், பதினாறு வருஷம்.
இடது கட்டைவிரலில் புண், தீபாவளியிலிருந்து.
கெண்டைக்கால் வீக்கம். ரத்தக்கட்டியா?
அந்தக் கேள்விக்குறி மட்டும்
அழகாக இருந்தது.

இந்த ரத்தத்தின் குணமே இதுதான்.
விரலில் திறந்த வாய் நாற்பது நாளாய் மூடவில்லை.
திறந்திருக்க வேண்டிய வழியிலோ
போய்க் கதவைச் சாத்துகிறது.
சர்க்கரை ஊறிய தட்டணுக்கள்
யாரும் கூப்பிடாமலே கூட்டம் கூடும்,
நார் நெருங்கிப் பின்னும்,
கரைக்க வருகிறவனை
வாசலிலேயே திருப்பி அனுப்பும்.

ஜெலுத்தோங் ஃபிளாட் யார் பெயருக்கு என்று
ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை.
அவன் சொன்னது ஒரு வாக்கியம்.
நான் சொன்னது மூன்று.
ஃபிளாட்டை அப்போதே விற்றாயிற்று.
என் பங்கில் வாங்கிய மைவியும்
போன வருஷம் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

வார்டுக்குப் போன் போட்டேன்.
"டாரா பெக்கு, மிஸ்ஸி. அம்பில் லாகி."
"அலாமாக், மறுபடியுமாக்கா?" என்றது
ஓர் இளம் தமிழ்க்குரல்.
"நரம்பே கிடைக்கல. அங்கிள் கையெல்லாம் ஊதா.
குத்துறப்ப ஒண்ணும் சொல்ல மாட்றாரு,
சுவத்தையே பாக்குறாரு."

அப்படித்தான் பார்ப்பான்.

பதிவேட்டில் எழுதினேன்:
நிராகரிக்கப்பட்டது. காரணம்: உறைந்தது.
தினமும் பத்துத் தடவை எழுதுகிற வரிதான்.
தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்.
சதையைத் தெரியாது,
குச்சி நுனியில் அந்த நூல் ஆடிற்று.

வெளியே ஜாலான் ரெசிடென்சியில்
இரண்டு மோட்டார்கள் கத்திக்கொண்டு போயின.
சாப்பாட்டு நேரத்தில்
என் விரலையும் குத்திப் பார்த்துக்கொண்டேன்.
பதினொன்று புள்ளி இரண்டு.
நெத்திலிச் சம்பலோடு இருந்த சோற்றில்
பாதியை மூடி வைத்தேன்.

மூன்றே காலுக்கு இரண்டாவது குழாய்,
கையுறைக்குள்ளும் சூடு தெரிந்தது.
மெல்லத் தலைகீழாக்கி,
நிமிர்த்தி,
மறுபடி தலைகீழாக்கி.
ஓடுகிறது.
நான்கு முறை போதும் என்பது விதி.
நான் எண்ணவில்லை.