நாலு பாகை

கைபேசியில் பனி என்று தட்டினால்
பனை என்று திருத்துகிறது.
மூன்றாம் வருடக் குறிப்புகளில் பாதி இடத்தில்
'பனை உருகும் காலம்' என்றுதான் கிடக்கிறது.
நான் மாற்றவில்லை.

எனக்குத் தெரிந்து மலையென்று பெயர் வைத்தது
கீரிமலை ஒன்றுதான்.
போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்.
பத்து மீற்றர் உயர்ந்தாலே பெருமைப்படும் இந்தத் தரையிலிருந்து
மரங்கள் நின்றுபோகும் எல்லையை
வரைபுத்தாளில் கீறப் பழகினேன்.
நிலத்தை ஐந்தாகப் பிரித்தவர்களும்
பனியைப் பருவமாக மட்டுமே வைத்தார்கள்,
முன் ஒன்று, பின் ஒன்று.
அதிலேயே குடியிருக்கும் பூவுக்கு
எங்களிடம் பெயரில்லை.

களப்பயிற்சிக்கு மண்டைதீவு உப்புத்தரவை.
சதுரச் சட்டத்தை எறிந்து
விழுந்த இடத்தில் குந்தியிருந்து எண்ணினோம்.
உமரி நாற்பத்தொன்று. மிச்சம் வெறும் மண்.
காற்று என் தொப்பியைக் கொண்டுபோனது.
காற்றுக்குப் படுத்த செடிகள்
எந்த நாட்டிலும் ஒரே உயரம்தான் என்று
ஜெனிற்றா கொப்பியில் எழுதினாள்,
சோதனைக்கு உதவாது என்று
அதன்மேல் கோடும் இழுத்தாள்.

விதைகள் ட்ரொம்சோவிலிருந்து வந்தன,
மூன்று அனுமதிக் கடிதங்களோடு.
கடுகைவிடச் சின்னன். நூற்றிருபது.
பன்னிரண்டு கிழமை நாலு பாகையில் கிடந்தால்
ஒரு குளிர்காலம் போயிற்றென்று நம்பி முளைக்குமாம்.
ஆய்வுகூட ஃபிரிட்ஜின் இரண்டாம் தட்டில்,
யாரோ ஒளித்து வைத்த யோகட்டுக்குப் பக்கத்தில்,
நாள்தோறும் அவற்றுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் கிழமை, செவ்வாய் பின்னேரம்,
பலாலி வீதியில் ட்ரான்ஸ்போமர் வெடித்தது.
ஆறு பாகை.
ஏழு.
தெர்மொமீற்றரைப் பிடுங்கிப் பையில் போட்டு
ஜெனிற்றா சொன்னாள்: "ஹெல்மெற்றைப் போடு."

குருநகர் ஐஸ் ஃபக்டரிக்கு அவளின் தம்பி பொறுப்பு.
"இரவுக்கு மட்டும்" என்று திருத்தினான் றெக்சன்.
பாரை மீன் பெட்டிகளுக்கு மேலே
கட்டியில் படாமல் கிண்ணங்களை அடுக்கினேன்.
"காய்க்குமோ?"
இல்லை.
"கறிக்கு?"
இல்லை. மெத்தைபோல நிலத்தோடு ஒட்டிப் படரும்,
ஒரு சோற்றுக்கோப்பை அகலம் வர
ஐம்பது அறுபது வருடம் செல்லும்.
அவன் கொஞ்சநேரம் கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றான்.
"அப்ப விக்க ஏலாது."
பிறகு காய்ந்த சாக்கொன்றை எடுத்துவந்து
மேலே போர்த்தினான், மிக மெதுவாக.

மூன்றுக்கு இறங்கினால் ஒரு பெட்டி உயர்த்தினோம்,
ஐந்துக்கு ஏறினால் ஒரு பெட்டி இறக்கினோம்.
விடியச் சாமம் கோயில் மணி அடித்தபோது
என் விரல்களுக்குத்தான் குளிர்காலம் வந்திருந்தது.

ஆய்வறிக்கையில் எழுதினேன்:
இடையூறு ஒன்பது மணித்தியாலம்,
குருநகரில், பாரை மீனுடன்.
மேற்பார்வையாளர்
'பாரை மீனுடன்' என்பதை மட்டும் வெட்டினார்.

பிறகு வெளிச்சம் வேண்டும்,
அணையாத வெளிச்சம், அவற்றின் ஊர்க் கோடைபோல.
ரியூப்லைற்றை விட்டுவைத்தோம்.
எங்கள் நள்ளிரவுச் சூரியனுக்கு
இரண்டு பல்லிகள் குடிவந்து
பூச்சி தின்று கொழுத்தன.
வெளியே முப்பத்துநாலு.
உள்ளே ஏசியைப் பதினாறில் வைத்து
கனடாவிலிருந்து மாமி அனுப்பிய ஸ்வெற்றரை
ஏழு வருடத்தில் முதல்தரம் போட்டேன்.
நப்தலீன் மணத்தோடு
ஆர்க்டிக்கில் உட்கார்ந்து
புள்ளிவிபரவியல் படித்தேன்.

பதினோராம் இரவு
ஈரத் தாளில் பச்சையாய் ஒரு கீறல்.
பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.
காலைக்குள் ஏழு.
ஏழு விதைகள் என்னை நம்பியிருக்கின்றன.

றெக்சனுக்குப் படம் அனுப்பினேன்.
"பாசி மாதிரிக் கிடக்கு" என்று பதில் வந்தது.
கொஞ்சம் கழித்து,
படகுகள் வந்து கணக்கெல்லாம் முடித்திருப்பான்போல,
இன்னொன்று:

"மிச்சத்துக்கு என்ன நடந்தது?"