இன்னும் தொண்ணூற்றொரு சொல்

கோரிப்பாளையத்தில், பனகல் சாலையைப் பார்த்த
இருபத்திரண்டு அறை லாட்ஜில்
எனக்கு இரவு ரிசப்ஷன்.
பதினொன்றரைக்கு மேல் வருகிறவர்கள்
பெரியாஸ்பத்திரியில் யாரையோ சேர்த்துவிட்டு வருவார்கள்,
வாடகையைக் கேட்டுவிட்டு
கொஞ்சம் யோசிப்பார்கள்.
மற்ற நேரமெல்லாம் போனும் நானும்.

கருத்துச் சொன்னால் காசு தருகிறார்கள்.
நூறு சொல்லுக்குக் குறையக் கூடாது.
ஒரு கருத்துக்கு அறுபது புள்ளி,
ஐந்து புள்ளிக்கு ஒரு ரூபாய்,
ஐந்நூறு சேர்ந்தால்தான் கைக்கு வரும்.
நானூற்று எண்பதில் ஒரு வாரம் நின்றிருக்கிறேன்,
ஊர் தெரிய, கூடல்நகரில் நிற்கும் ரயில்போல.

முன்மண்டை வழுக்கை எனக்கு.
ஷாம்பு பற்றி மட்டும் மூன்று எழுதியிருக்கிறேன்.
பிள்ளை இல்லை;
டயப்பர் பற்றி எழுதியதை
நானே இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு உருக்கம்.
மெத்தைக்கு எழுதிய ராத்திரி
துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து
பெஞ்சில் கிடந்தேன்.

எழுதுவதற்கு நான்கு பெயர்கள்.
அதில் சகாயமேரி, தூத்துக்குடி,
கொஞ்சம் கறார்.
எதைப் புகழ்ந்தாலும் ஒரு சின்னக் குறை சேர்ப்பாள்.
குறை இருந்தால்தான் நம்புவார்கள்.

எழுத எதுவும் சிக்காத ஒரு மழை ராத்திரி
எங்கள் லாட்ஜையே எழுதினாள்.
அமைதியான சூழல் என்றாள்.
ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம் என்றாள்,
அது நிஜம்.
காலையில் காப்பி அறைக்கே வருகிறது,
சீனிதான் கொஞ்சம் தூக்கல் என்றாள்.
பன்னிரண்டு ரூபாய்.

புரட்டாசியில் சாயல்குடியிலிருந்து வந்தார்கள்.
பேரேட்டில் எழுதினேன்: பூவலிங்கம், அறுபத்து மூன்று.
வந்த நோக்கம், வைத்தியம்.
மகள் முத்துராக்கு போனைத் திருப்பிக் காட்டினாள்.
“இதப் பாத்துட்டுத்தாண்ணே வந்தோம்.
இந்த அக்கா நல்லா வெவரமா எழுதியிருக்கு.”
சாவியோடு பாதிப்படி ஏறியவள் திரும்பினாள்.
“காப்பில மட்டும் சீனி போடாமச் சொல்லிருங்கண்ணே.
அப்பாவுக்குச் சுகர்.”

எங்கள் லாட்ஜில் அடுப்பே கிடையாது.

விடியல் ஐந்து மணிக்கு ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு
பாலத்தடிக் கடையில் நின்றேன்.
இரண்டு காப்பி முப்பது ரூபாய்.
கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கதவைத் திறந்தவர் பூவலிங்கம்.
தூங்கினீங்களா என்றேன்.
“பதினேழு ஆம்புலன்ஸ்” என்றார்.
குடித்து முடித்துத் தம்ளரைத் தரும்போது,
“ரெண்டு சத்தமில்லாமத் திரும்பிப் போச்சு.”

அப்படி மூன்று விடியல்.

காலி செய்த அன்றைக்கு முத்துராக்கு,
“நாங்களும் ரெண்டு வார்த்தை போடணும்ணே,
நான் சொல்றேன், நீங்க அமுக்குங்க” என்றாள்.
அமுக்கினேன்:

*விடிய விடியச் சத்தம். தண்ணி நின்னு நின்னு வருது.
காப்பி நல்லாருந்துச்சு.*

எத்தனை நட்சத்திரம் என்று கேட்டேன்.
“எத்தன இருக்கு?”
அஞ்சு.
“அப்பாட்டக் கேக்குறேன்.”
அவர் ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டார்.
அங்கிருந்தே மூன்று விரலைக் காட்டினார்.
நட்சத்திரமா,
மறுபடி வரச் சொன்ன மாதக் கணக்கா,
கேட்பதற்குள் ஆட்டோ சிக்னலைத் தாண்டிவிட்டது.

கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு:
*இன்னும் 91 சொற்கள் தேவை.*
தொண்ணூற்றொரு சொல் எனக்கு
ஒரு கொட்டாவி நேரம்.
சகாயமேரி இந்நேரம் ஜன்னல் திரைக்கு வந்திருப்பாள்.

அனுப்பவில்லை.
அழிக்கவும் இல்லை, போனில் கிடக்கிறது.

இன்றைக்கு ஏழாம் நம்பருக்குப் பரமக்குடி ஆட்கள்.
முன்பணம் எண்ணும்போதே கேட்டார்கள்,
காப்பி எத்தனை மணிக்கு வரும் என்று.
ஃபிளாஸ்க் மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.