உசிலம்பட்டி, நூற்று அறுபத்திரண்டு

ஆண்டிபட்டி தாண்டியதும்
தார் இளகி டயரைப் பிடித்து இழுத்தது,
கடன் கொடுத்தவன் சட்டையைப் பிடிப்பதுபோல்.
பாட்டிலில் இருந்தது
உப்புக் கரைத்த வெந்நீர்.

கணவாயில் ஜெசிந்தா முந்திப் போனாள்.
திரும்பிப் பார்க்கவில்லை. நல்லது,
அப்போது என் முகம் காட்டும்படி இல்லை.

முத்திரைக்காகப் பெட்ரோல் பங்கில்
அட்டையை எடுத்தேன்.
வியர்வையில் மை ஊறி
சோலைமலை என்ற பெயரில்
சோலை அழிந்துவிட்டது.
மலை மட்டும் மிச்சம்.

"முதல் பரிசு எவ்வளவுண்ணே?"
"பரிசெல்லாம் இல்ல. நாங்கதான் காசு கட்டி ஓட்டுறோம்."

பங்க் பையன் கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு குழாயைத் திறந்து
பேயோட்டுகிறவன் மாதிரி
என் தலையை அதனடியில் அழுத்தினான்.

இன்னும் முப்பத்தெட்டு.