கூப்பிடு தூரம்

ஐஸ்லாந்தின் மேற்கு ஓரம். சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை.
மாதம் பிறந்ததும் தொலைபேசியில் கேட்பேன்:
உங்கள் வண்டி இதுவரை எத்தனை கிலோமீட்டர்?
சிலர் உடனே எழுந்துபோய்ப் பார்த்துச் சொல்வார்கள்.
அவர்கள் காலடியில் பனி நொறுங்குவது
எனக்கும் கேட்கும்.

முன்பு இந்த வேலையைப் பெட்ரோல் பார்த்துக்கொண்டது.
கடல்நீரில் உப்பு மாதிரி
வரி அதில் கரைந்து கிடந்தது.
உப்பைத் தனியே நிறுத்துப் பார்த்தவர் யாருமில்லை.
ஓஃபெய்குர் தன் பங்க்கில்
ஒவ்வொரு வண்டிக்கும் குழாயை மாட்டும்போது
பாலத்துக்கும் ஒரு வாய் ஊட்டினான்.
பிறகு மின்சார வண்டிகள் வந்தன,
சத்தமே இல்லாமல்.
சாலை தேய்வதில் ஒரு குறையும் இல்லை.
ஊட்டுகிற கைதான் நின்றுபோனது.

அதனால் இப்போது தூரத்துக்கு விலை.
ஓடியவர் ஓடியதற்குக் கொடுக்கட்டும்.
நியாயம்தானே என்று நானும் நினைத்தேன்,
சோல்ரூன் பேசும்வரை.

அவள் மருத்துவச்சி.
ஃபியோர்டின் இந்தக் கரையில் வீடு,
அந்தக் கரையில் பிரசவங்கள்.
நடுவில் ஒரு கை அகலக் கடல்.
காற்று இல்லாத நாளில்
எதிர்க்கரை நாய் குரைத்தால்
அவள் வீட்டு நாய் பதில் சொல்லும்.
கூப்பிடு தூரம்.
சாலையோ தண்ணீரைச் சுற்றிக்கொண்டு
முப்பத்தெட்டு கிலோமீட்டர் போகிறது.

"நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு" என்றாள்.
"ஒரு சந்தேகம்.
மண் சரிந்த இரவில்
தொள்ளாயிரம் மீட்டர் பின்னாலேயே ஓட்டினேன்.
அதைக் கழிப்பீர்களா?"
படிவத்தில் அதற்கு இடமில்லை என்றேன்.
"மலையை இப்படி வளைத்து வைத்தது நானா?
அதற்கும் நான்தான் கட்ட வேண்டுமா?"
அதற்கும் இடமில்லை.

மீன் லாரிகளைப் பற்றியும் கேட்டாள்.
எடைக்கு ஏற்ற பட்டியல் இருக்கிறது என்றேன்.
இருக்கிறது. வாசித்தும் காட்டினேன்.
அவற்றில் ஒன்று கடந்துபோனதில்
என் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும்வரை
இருவரும் பேசவில்லை.

அடுத்த மாதம் அதே எண்.
அதற்கடுத்த மாதமும்
நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு.
மீட்டரை அமுக்கிவிட்டாள் என்றார் மேலாளர்.
நோட்டீஸைத் தபாலில் போடாமல்
நானே எடுத்துக்கொண்டு போனேன்.

வண்டி கொட்டகையில் நின்றது, தார்ப்பாய்க்குள்.
சோல்ரூன் கரையில் இருந்தாள்.
ரப்பர் காலணி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய மருத்துவப் பை,
பழைய படகு, அதன் வாலில் ஒரு குட்டி எஞ்சின்.
கேனைச் சாய்த்துப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
வரி இறங்கியபின் இது மலிவு என்று சிரித்தாள்.
கடலுக்குக் கிலோமீட்டர் இல்லையே.

பதினொரு நிமிடம்.
எதிர்க்கரை வாசலில் யாரோ விளக்கை ஏற்றி அணைத்தார்கள்.
நோட்டீஸ் என் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.

மற்றவர்களும் கணக்குப் போடக் கற்றுக்கொண்டார்கள்.
வாரம் ஒருமுறை கடை,
மூன்று வீட்டுக்கு ஒரு வண்டி.
சிக்கனம் நல்லதுதான்.
ஆனால் ஓடாத தூரம் எதையும் கட்டுவதில்லை.
குளிர்காலப் பட்டியலில் எங்கள் சாலைக்கு
வாரத்தில் ஐந்து நாள் பனி அள்ளியது
இரண்டு நாளாகச் சுருங்கியது.
அந்தக் கோப்பில் என் கையெழுத்தும் உண்டு.

ஜனவரியில் கடல் கொந்தளித்தது.
ஒன்பது நாள் படகு இறங்கவில்லை.
நான்காம் இரவு எதிர்க்கரையில் ஒருத்திக்கு வலி.
பட்டியலில் இல்லாத அந்த இரவில்
பனி அள்ளும் பிராண்டுர்
யாரையும் கேட்காமல் இயந்திரத்தைக் கிளப்பினான்.
பக்கத்து இருக்கையில் சோல்ரூன், மடியில் பை.
முப்பத்தெட்டு கிலோமீட்டர்,
நடக்கிற வேகத்தில்.

காலையில் அவன் அலுவலகம் வந்து
உறைந்த கையுறையை ஹீட்டர்மேல் வைத்தான்.
பெண் குழந்தை என்றான்.
பிறகு, யார் கணக்கில் எழுதுவாய் என்று கேட்டான்.

விதியைப் புரட்டிப் பார்த்தேன்.
பனி அள்ளும் இயந்திரத்துக்குக் கட்டணம் இல்லை.
சோல்ரூனின் வண்டி அசையவில்லை.
அந்த மாதமும் எழுதினேன்:
நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு.
கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டி
ஏழின்மேல் விழுந்தது.