முக்கால் மில்லி

பணகுடியில் ஆனிக் காற்றுக்குக் கதவெல்லாம் ஒரு பொருட்டில்லை.
ஷட்டரை முழங்கால் வரை இறக்கிவிட்டு
ரெக்சனின் ஆம்னி ஹெட்டைப் பெஞ்சில் ஏற்றினேன்.
கூத்தன்குழியிலிருந்து மீன் அடிக்கிற வண்டி.
"வெறும் வண்டி பறக்குக்கா. ஐஸ்பெட்டி ஏத்திட்டா
நாங்குநேரிப் பாலத்துல, மூணாவது கியர்ல, மூச்சு முட்டுது."

நீல மை பூசி, கேஸ்கெட்டைப் பதித்து,
ஊசியால் ஓரம் கீறினேன்.
அதே கேஸ்கெட், பிறகு மேனிஃபோல்டில்.
ஹெட் வண்டியோடு வந்தது,
மேனிஃபோல்டு வள்ளியூர்ப் பழைய கடைச் சரக்கு.
போல்ட் துளை அத்தனையும் பொருந்தின.
உள்ளே, விரல் மட்டும் போகிற இடத்தில்,
ஹெட்டின் உதடு முக்கால் மில்லி நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்கும் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்றார்கள்.
மிச்சம் எதுவென்று அப்பா கேட்கவில்லை,
நானும்.
ஏழு மாதம் ஓடியது.

மேனிஃபோல்டு சிறுத்து ஹெட் பெருத்திருந்தால்
காற்று பொறுத்துக்கொள்ளும்,
முடுக்கிலிருந்து தெருவுக்கு வந்த மாதிரி.
மறுதலையாய் இருந்தால்
வந்த வேகத்தில் சுவரில் முட்டும், சுழலும்,
கொண்டுவந்த பெட்ரோலை அங்கேயே துப்பும்.
இது மறுதலை.

கிரைண்டரின் முனை அலுமினியத்தைத் தொட்டதும்
பல் கூசுகிற ஓசை.
கீறலைத் தாண்டக் கூடாது.
உள்ளே ஒரு விரற்கடை போவதற்குள்
வெட்டியது தெரியாமல் கரைந்துவிட வேண்டும்.
பேராசைப்பட்டால் அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற அறை.
போன வருஷம் அப்படி ஓட்டை விழுந்த ஹெட்தான்
இப்போது கூரைத் தார்ப்பாய் பறக்காமல் பிடித்திருக்கிறது.

தூளை வாரி என் கண்ணிலேயே போட்டது காற்று.
அதற்குத்தான் வழி வெட்டுகிறேன் என்று
அதற்கு யார் சொல்வது.

"கண்ணாடி மாதிரி தேய்ச்சிரலாம்லா?" ரெக்சன் எட்டிப் பார்த்தான்.
வேண்டாம். வழுவழுப்பில் பெட்ரோல் சொட்டாய் ஒட்டும்.
எண்பதாம் நம்பர் தாளோடு நிறுத்தினேன்.
கொஞ்சம் சொரசொரப்பு கிடக்கட்டும் என்றேன்.
கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

விடியக்காலம் நாலேகாலுக்குப் போன்.
பேச்சில்லை.
ஆம்னிக்கு சீட்டுக்கு அடியில்தானே இஞ்சின்,
செல்லை அங்கே வைத்திருந்தான் போல.
இரண்டாவது. மூன்றாவது.
ஐஸ் கட்டிகள் பெட்டியில் இடிபடுகிற சத்தம்,
அதற்கும் கீழே விக்கல் இல்லாத ஒரே இழுவை.
பாய் மேல் உட்கார்ந்து கேட்டேன்,
பாலத்தின் உச்சியில் காற்றின் சத்தம் மாறுகிற வரை.

பிறகுதான் "அக்கா" என்றான்.
மீதி நானூறுக்கு
வாளை மீனாகத் தரட்டுமா என்றான்.

பணமாகவே கொடு என்றேன்.