நிரந்தர வழிகள்: ஏதுமில்லை

பகாவில் மழை நாலு மணிக்கு வரும்.
அதற்குப் பத்து நிமிடம் முன்பே இடி வந்து
ஆலையின் கரண்டைப் பிடுங்கிவிடும்.
திரும்பும்போது
எடைப்பால அறைக் கணினிக்கு எல்லாம் நினைவிருக்கும்:
என் பெயர், தேதி,
யாரோ போட்டுவிட்டுப் போன பனிமலைப் படம்.
தராசுக்குப் போகும் வழி மட்டும் மறந்துபோகும்.

இரண்டு கேபிள், இரண்டு கார்டு.
ஒன்று கோலாலம்பூருக்கு,
ஒன்று எதிரே முப்பது அடி தள்ளி.
கணினியோ கேட்டதையெல்லாம்
கோலாலம்பூருக்கே அனுப்பும்.
கண்ணெதிரே நிற்கும் லாரியின் எடையைத்
தலைநகரில் தேடும்.

கறுப்புச் சன்னலைத் திறந்து
ஒரு வரி தட்டவேண்டும்:
எந்த வலை, எந்த முகமூடி, எந்த வாசல்.
எண்களைக் கண்மூடிச் சொல்வேன்,
என் ஐசி எண்ணைப் போல.

இரவில் ஜாகா பகதூரே பொத்தான் அமுக்கி எடை போடுவான்.
இடி விழுந்தால் என்னைக் கூப்பிடுவான்:
"காக், திம்பாங் மாத்தி."
தராசு செத்துவிட்டதாம்.
மழைக்கோட்டுக்குள் ஆறு கிலோமீட்டர் மோட்டார்.
வாசலில் வரிசையாய் லாரிகள்;
வெட்டிய குலை ஒரு நாளைக்குள் வேகாவிட்டால்
எண்ணெய் புளித்துவிடும்.
நான் ஒரு வரி தட்டுவேன்.
நாற்பது வினாடி. நாற்பது வெள்ளி.
போன நவம்பரில் ஒன்பது இடி.
மகளுக்குக் கண்ணாடி வாங்கியது அதில்தான்.

அந்த எழுத்து எனக்குத் தெரியும்.
பிப்ரவரியிலிருந்தே தெரியும்.
வரிக்குள் ஒரு சிறு கோடும் ஒரு பி-யும் சேர்த்தால்
வழி வட்டில் பதிந்துகொள்ளும்;
எத்தனை முறை செத்துப் பிழைத்தாலும் மறக்காது.
தலைமையகத்து விஜயேந்திரன்
ரிமோட்டில் வந்து எட்டிப் பார்த்தவர்
"எப்படியோ ஓடுதே, விடுங்க" என்றார்.
விட்டேன்.
நான் பொய் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை.

ஆறு மாதத்துக்கொரு தாள், கையெழுத்துக்கு.
பதிமூன்று போட்டாயிற்று.
பதினான்காவது வரவில்லை.
மேனேஜர் ஹஸ்னி மேசையைப் பார்த்தபடி
மலாயில் மெல்லச் சொன்னார். நல்ல மனிதர்.
இனி ஏஜென்சி ஆள் வருவாராம்.

"அப்படியே விட்டுட்டு வா, தேடி வரட்டும்"
என்றாள் கேண்டீன் மங்கையர்க்கரசி.
நானும் அப்படி நினைத்துத்தான் போனேன்.

கடைசி வெள்ளிக்கிழமை
வழிப்பட்டியலைத் திறந்தேன்.
அடியில் எப்போதும் கிடக்கும் வாசகம் கிடந்தது,
நிரந்தர வழிகள்: ஏதுமில்லை.
ஆறரை வருடமாகப் பார்த்தது.
அன்றைக்குத்தான் படித்தேன்.

வலது கிளிக்.
நிர்வாகியாக இயக்கவா என்றது. ஆம் என்றேன்.
அந்த ஆலையில்
அந்த ஒரு சன்னலுக்குள் மட்டும் நான் நிர்வாகி.
கோடு. பி. மிச்சமெல்லாம் பழைய மனப்பாடம்.
சரி என்றது.
அணைத்து, ஏற்றி, காத்திருந்தேன்.
வெளியே ரொஸ்லியின் லாரி பாலத்தில் ஏறியது.
பதினெட்டாயிரத்து நானூற்று இருபது.
யாரையும் கேட்காமல் வந்து நின்றது எண்.

ஏன்டி செய்தாய் என்றாள் மங்கை.
புளித்த குலை வாசம் எனக்கு ஆகாது என்றேன்.
அது முழு உண்மையில்லை.
முழு உண்மை எதுவென்று
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திரையோரம் ஒட்டியிருந்த தாளை உரித்துப்
பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நேற்றிரவு இடி.
காற்றாடி நின்றது, கொசு வந்தது,
மறுபடி சுற்றியது.
மழைக்கோட்டுக்குப் போன கை பாதியில் திரும்பியது.
கைப்பேசியை மல்லாத்திவைத்துப் படுத்திருந்தேன்.
பதினொன்றரை. பன்னிரண்டு.
ஒன்றேகாலுக்கு
தூரத்து வளைவில் ஒரு லாரி
கியர் மாற்றி
ஆலைப் பக்கம் திரும்பிப் போனது,
நிற்காமல்.