முத்திரை

மூன்றாம் வருட ஜூரியில்
ஒரே கேள்விதான்: "வடக்கு எங்கே?"
அம்புக்குறி போட மறந்திருந்தேன்.
இரண்டு இரவு விழித்து வரைந்த ஆஸ்பத்திரி
திசையில்லாமல் சுவரில் தொங்கியது.

மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போன மாடலில்
கங்கைகொண்டான் வேகத்தடை தாண்டியதும்
மாடிப்படியைக் காணோம்.
கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டார்.

பதிவு எண் வந்த அன்று
"எம்மவ இன்ஜினியர் ஆயிட்டா" என்று
தெருவெல்லாம் சொல்லி வந்தார் அப்பா.
திருத்தவில்லை.
வண்ணார்பேட்டையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தேன்.
ஷெரின் ஜெபக்கனியில் ஒரு எழுத்து பிழை.
மறுபடி செய்து வாங்கி
கரண்ட் பில்லின் பின்பக்கம்
ஏழெட்டுத் தடவை குத்திப் பார்த்தேன்.

முதலில் வந்தவர் காண்ட்ராக்டர் பிச்சுமணி.
பேட்டையில் மூணு சென்ட்.
பிளான் ஏற்கெனவே வரைந்தாயிற்று,
சுவர் ஏற்கெனவே லிண்டல் மட்டம்.
"ஒரு கையெழுத்துதானம்மா,
போட்டுக் குடுத்திருங்க."

டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.
தாளில் பக்கவாட்டு இடம் மூன்றரை அடி.
மண்ணில் ஒரு சாண்.
சாணுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்,
உள்ளே, மிச்சமிருக்கும் வெளிச்சத்துக்கு முறத்தைச் சாய்த்து
பீடி சுற்றிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:
"இது இன்னும் ஒசருமா?"

ஜன்னல் வடக்கு பார்த்திருந்தது.

முத்திரை பையை விட்டு வெளியே வரவில்லை.
பிச்சுமணி வேறு ஆளைப் பார்ப்பார், தெரியும்.
ஆபீஸ் வாடகை ஒன்றாம் தேதி.
டேப் சுருளும் வேகத்தில்
அதன் விளிம்பு விரலைக் கிழித்தது.